எங்க ஏரியா அரசு ப்ரீஸ்கூல்: ஒரு வருஷம் பொண்ண அனுப்பிட்டு எழுதுறேன்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டே இருந்தேன், இப்போதான் உக்கார முடிஞ்சுது. எங்க ஏரியா அரசு ப்ரீஸ்கூல்ல அதுவரைக்கும் ஒரே ஒரு கிளாஸ்தான், அதுவும் காலைல மூணு மணி நேரம். போன வருஷம் இன்னொரு கிளாஸ் சேர்த்தாங்க, அது முழு நாள். என் பொண்ணு அந்த புது கிளாஸோட முதல் பேட்ச். இப்போ அட்மிஷனுக்கு அலையறவங்க பார்க்கற எடத்துல எல்லாம் நிறுத்தி கேக்கறாங்க, "அரசு ப்ரீஸ்கூல்தானே, சும்மா உக்கார வெச்சு அனுப்பிடுவாங்களா, இல்ல நெஜமாவே ஏதாவது சொல்லித்தராங்களா"ன்னு. எல்லாருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு மொத்தமா இங்கயே எழுதிடறேன்.

5க்கு 4 குடுப்பேன். கிளாஸுக்குள்ள எனக்கு பெருசா குறையே இல்ல. அந்த ஒரு மார்க் போனது கேட்டுக்கு வெளியதான், உள்ள வர்றதுக்கு முன்னாடியே.

அட்மிஷன்லேர்ந்து ஆரம்பிக்கறேன். ஃபார்ம் ஆன்லைன்ல மட்டும்தான். அஞ்சு டாக்குமென்ட் ஸ்கேன் பண்ணி ஏத்தணும், அதுல ரெண்டு டாக்குமென்ட்ல ஒரே அட்ரஸ் இருக்கணும், வாடகை வீட்ல அடிக்கடி மாறி மாறி இருக்கறவங்களுக்கு அது எங்கேர்ந்து வரும்? எனக்கே ரெண்டு தடவ திரும்பி வந்துச்சு, ஃபைல் சைஸ் பெருசுன்னு ஒரு தடவ, போட்டோ தெளிவா இல்லன்னு ஒரு தடவ. அப்புறம் குலுக்கல். முதல் குலுக்கல்ல என் பொண்ணு பேர் வரல, வெயிட்டிங் லிஸ்ட்ல 11வது. ரெண்டாவது கிளாஸ் திறக்கறாங்கன்னு தெரிஞ்சப்புறம்தான் கூப்பிட்டாங்க. அந்த போன் வந்தப்போ நான் ஆபீஸ்ல இருந்தேன், எடுக்காம விட்டிருந்தா அடுத்த பேருக்கு போயிருக்கும், ஏன்னா ஒரு தடவைக்கு மேல கூப்பிட மாட்டாங்களாம். ஒரு குழந்தையோட ஒரு வருஷம் ஒரு மிஸ்டு கால்ல போயிடலாம்ங்கறத என்னால இன்னிக்கும் ஏத்துக்க முடியல.

இதுல நான் ரொம்ப வருத்தப்பட்டது எங்க கீழ் வீட்டு பாட்டிய நெனச்சு. பேரன அவங்கதான் வளர்க்கறாங்க, அம்மா அப்பா ரெண்டு பேரும் கூட இல்ல. என் பொண்ணவிட ரெண்டு மாசம்தான் சின்னவன். ஃபார்ம்ல "தாய் அல்லது தந்தை கையெழுத்து"ன்னு ஒரே ஒரு கட்டம், பாதுகாவலர்னு ஒரு கட்டமே கிடையாது. பாட்டி நேரா ஸ்கூலுக்கே போய் கேட்டாங்க, ஆன்லைன்ல போடுங்கன்னு அனுப்பிட்டாங்க. "நமக்கு இல்ல போலம்மா"ன்னு சொல்லிட்டு அதோட விட்டுட்டாங்க. யார இந்த ஸ்கூல் முதல்ல கூப்பிடணுமோ அவங்கதான் முதல்ல வெளிய நிக்கறாங்க. எடத்த கூட்டறது ஒரு வேலை, அந்த எடத்துல ஒரு குழந்தை வந்து உக்காரறது வேற வேலை, ரெண்டாவது வேலைய யாரும் கையில எடுத்த மாதிரி எனக்கு தெரியல.

பண்ண முடியாதுன்னு சொல்லாதீங்க. நியூயார்க் நகரத்துல 2014ல நாலு வயசு குழந்தைங்க எல்லாருக்கும் முழு நாள் ப்ரீஸ்கூல்னு ஆரம்பிச்சப்போ, முழு நாள் எடம் 20 ஆயிரத்துக்கு பக்கத்துலதான் இருந்துச்சு, ரெண்டே வருஷத்துல 65 ஆயிரத்த தாண்டிட்டாங்க. கட்டடம் மட்டும் கட்டி அத செய்யல. ஏற்கனவே இருக்கற தனியார் சென்டர், தொண்டு நிறுவனங்கள் நடத்தற சென்டர் எல்லாத்தையும் ஒப்பந்தம் போட்டு உள்ள சேர்த்தாங்க, ஆளுங்கள வெச்சு குடும்பம் குடும்பமா போன் போட்டும் நேர்ல பார்த்தும் எடம் இருக்குன்னு சொல்ல வெச்சாங்க. தேடிப் போய் சொல்றதுக்குன்னே ஆள் வெச்சாங்க பாருங்க, எங்க ஏரியால இல்லாதது அதுதான்.

சரி, இப்போ கிளாஸுக்குள்ள வரேன், இங்கதான் மனசு நிறைஞ்சுது.

முதல் நாள் நான் கவனிச்ச விஷயம் கை கழுவற எடம். வாஷ்பேசின் என் முட்டி உயரத்துல இருந்துச்சு. என் பொண்ணு வீட்ல ஸ்டூல் போட்டு ஏறி, நான் பிடிச்சுக்க, அப்படித்தான் கை கழுவுவா. இங்க போன உடனே தானே குழாய திறந்து, தானே சோப்பு போட்டு, தானே துடைச்சிட்டு என்ன திரும்பி பார்த்தா, அந்த பார்வைய மறக்கவே மாட்டேன். டாய்லெட்டும் கிளாஸ்ரூமுக்குள்ளயே ஒரு கதவு தள்ளிதான், வராண்டால லைன்ல நிக்க வேண்டியதில்ல. சேர், மேஜை, அலமாரி எல்லாமே அவங்க உயரம். 1907ல ரோம் நகரத்துல மரியா மாண்டிசோரி தன்னோட முதல் குழந்தைகள் இல்லத்த திறந்தப்போலேர்ந்து சொல்லிட்டு வந்த விஷயம்தான் இது, குழந்தையோட உயரத்துக்கு அறைய மாத்துங்கன்னு, ஆனா எத்தன எடத்துல இன்னும் பெரியவங்க பெஞ்சுல கால் தொங்க உக்காந்திருக்காங்க குழந்தைங்க.

கதவுகிட்ட ஒரு போர்டு. ஒவ்வொரு குழந்தையோட போட்டோவும் பேரும் ஒட்டின அட்டை ஒரு பக்கம் வீடு படம் போட்ட எடத்துல மாட்டியிருக்கும், வந்த உடனே குழந்தையே தன் அட்டைய எடுத்து ஸ்கூல் படம் போட்ட பக்கம் மாட்டணும். அட்டெண்டன்ஸ் அதுதான். முதல் வாரம் முழுக்க அழுத என் பொண்ணு, ரெண்டாவது வாரம் அந்த அட்டைய மாட்டறதுக்காகவே என் கைய உதறிட்டு ஓடினா. மூணாவது மாசம் பக்கத்து அட்டைல இருக்கற பேரோட முதல் எழுத்தும் தன்னோட முதல் எழுத்தும் ஒண்ணுன்னு கண்டுபிடிச்சு வந்து வீட்ல சொன்னா. யாரும் எழுத்த திணிக்கல, தினமும் கண்ணுல பட்டுட்டே இருந்துச்சு, அவ்ளோதான்.

கிளாஸ்ல 18 பேர், ஒரு டீச்சர், ஒரு உதவி டீச்சர். நாலு வயசு குழந்தைங்கன்னா 20 பேருக்கு மேல ஒரு குரூப்ல இருக்கக்கூடாது, 10 பேருக்கு ஒரு பெரியவங்களாவது இருக்கணும்ங்கறது பொதுவா சொல்ற அளவு. அட்மிஷன் கேக்கும்போது இத கேளுங்க. "எத்தன பேர்"னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க, "எத்தன பெரியவங்க, ரெண்டு பேருமே நாள் முழுக்க இருப்பாங்களா, ஒருத்தர் லீவ் போட்டா யார் வருவாங்க"ன்னு கேளுங்க.

பேரன்ட்ஸ் ஒரு நாள் உக்காந்து பார்க்கலாம்னு விட்டாங்க, நான் காலைல ஒன்பதரைலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் பார்த்தேன். முதல்ல டீச்சர் ஒவ்வொரு குழந்தைகிட்டயும் "இன்னிக்கு எங்க விளையாடப் போற, என்ன பண்ணப் போற"ன்னு கேக்கறாங்க. குழந்தை சொல்லணும். அப்புறம் போய் விளையாடணும். முடிஞ்சப்புறம் திரும்ப வட்டமா உக்காந்து "நீ சொன்னத பண்ணினியா, என்ன ஆச்சு"ன்னு கேக்கறாங்க. பார்க்க சாதாரணமா இருக்கும். என் பொண்ணு அன்னிக்கு ஒரு பையனோட சேர்ந்து கட்டை அடுக்கறேன்னு சொன்னா. ரெண்டு பேரும் உயரமா ஒரு கோபுரம் கட்டினாங்க, சரிஞ்சுது, திரும்ப கட்டினாங்க, திரும்ப சரிஞ்சுது, அந்த பையன் கோவத்துல ஒரு கட்டைய தூக்கி எறிஞ்சான். நானா இருந்தா ஒண்ணு திட்டியிருப்பேன், இல்லன்னா நானே கட்டி குடுத்திருப்பேன். டீச்சர் வந்து பக்கத்துல தரையில மண்டி போட்டு உக்காந்தாங்க. கட்டைய தொடவே இல்ல. "எந்த எடத்துலேர்ந்து சாய ஆரம்பிச்சுது?"ன்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. டீச்சரும் பேசல, காத்துக்கிட்டே இருந்தாங்க, எனக்கே அந்த மௌனம் நீளமா இருந்துச்சு. அப்புறம் அந்த பையன், "அடியில சின்னது வெச்சிட்டோம்"னான். என் பொண்ணு பெரிய கட்டைய தேடி எடுத்துட்டு வந்தா. அவ்ளோதான் நடந்துச்சு, ஆனா அந்த அஞ்சு நிமிஷத்துல கோவத்த அடக்கறது, யோசிக்கறது, வாய்விட்டு சொல்றது, இன்னொருத்தரோட சேர்ந்து செய்யறது எல்லாம் இருந்துச்சு.

இந்த "திட்டம் போடு, செய், திரும்பிப் பார்" முறை புதுசு இல்ல. 1960கள்ல அமெரிக்காவோட மிச்சிகன் மாநிலத்துல, இப்சிலான்டிங்கற ஊர்ல டேவிட் வைகார்ட்ங்கறவர் குழுவா சேர்ந்து நடத்தின பெர்ரி ப்ரீஸ்கூல் வழியா வளர்ந்து வந்தது. 1962லேர்ந்து 67 வரைக்கும் நடந்துச்சு. ஏழை கறுப்பினக் குடும்பங்கள சேர்ந்த 123 குழந்தைங்க, அதுல 58 பேர ப்ரீஸ்கூல்ல சேர்த்தாங்க, 65 பேர் சேரல, ரெண்டு குரூப்பையும் 40 வயசு தாண்டியும் விடாம தொடர்ந்து பார்த்தாங்க. ஆரம்பத்துல ஏறின ஐக்யூ மார்க் கொஞ்ச வருஷத்துல மங்கிப் போச்சு. ஆனா ப்ரீஸ்கூல் போனவங்கள்ல அதிகம் பேர் ஸ்கூல் படிப்ப முடிச்சாங்க, அதிகமா சம்பாதிச்சாங்க, போலீஸ் கேஸ்ல சிக்கினது குறைவா இருந்துச்சு. நோபல் பரிசு வாங்கின பொருளாதார நிபுணர் ஜேம்ஸ் ஹெக்மேன் கணக்கு போட்டு, அங்க போட்ட பணத்துக்கு வருஷத்துக்கு 7லேர்ந்து 10 சதவீதம் வரைக்கும் சமூகத்துக்கு திரும்பி வந்துச்சுன்னு சொன்னார். ஒண்ணு மட்டும் மறக்கக்கூடாது, அங்க ஆறு குழந்தைங்களுக்கு ஒரு டீச்சர்ங்கற அளவுக்கு ஆள் இருந்தாங்க, அந்த டீச்சரே வாரத்துக்கு ஒரு தடவ வீட்டுக்கும் போய் அம்மாவோட உக்காந்து பேசுவாங்க. பெர்ரியோட பலன மட்டும் மேடைல சொல்லிட்டு 35 குழந்தைங்கள ஒரே டீச்சர்கிட்ட விட்டா அதே பலன் எப்படி வரும்?

எல்லா ப்ரீஸ்கூலும் நல்லதுன்னு நான் சொல்ல வரல. அமெரிக்காவோட டென்னசி மாநிலத்துல அரசு ப்ரீஸ்கூல்ல எடத்தவிட அதிகமா பேர் விண்ணப்பிச்சதால குலுக்கல் மாதிரி தேர்வு பண்ணாங்க, அந்த 2,990 குழந்தைங்கள ஆறாம் வகுப்பு வரைக்கும் பார்த்தாங்க, 2022ல வந்த முடிவுல ப்ரீஸ்கூல் போன குழந்தைங்கதான் மார்க்லயும் ஒழுக்கத்துலயும் பின்தங்கி இருந்தாங்க. படிச்சப்போ எனக்கு பகீர்னுச்சு. அந்த ஆராய்ச்சிய நடத்தின டேல் ஃபாரன் காரணமா சந்தேகப்பட்டது என்னன்னா, மொத்த கிளாஸையும் உக்கார வெச்சு டீச்சர் மட்டும் பேசறது, குழந்தைங்க லைன்ல நின்னு நடந்து போறது வர்றதுலயே நேரம் போறது, டாய்லெட் கூட வராண்டாவுக்கு அந்தப் பக்கம் இருக்கறது, இதெல்லாம்தான். நான் மேல டாய்லெட் பத்தி எழுதினது இதுக்குத்தான், கிளாஸுக்குள்ள டாய்லெட் இருந்தா ஒரு நாளைக்கு எத்தன நிமிஷம் மிச்சம், எத்தன தடவ "பேசாத, லைன்ல நில்லு"ன்னு கத்தறது மிச்சம்னு நீங்களே கணக்கு போட்டு பாருங்க. அமெரிக்காவோட பாஸ்டன் நகரத்துல இதே மாதிரி 1997லேர்ந்து 2003 வரைக்கும் குலுக்கல்ல எடம் கெடச்ச, கெடைக்காத 4,000க்கு மேற்பட்ட குழந்தைங்கள பார்த்தாங்க, அங்க பரீட்சை மார்க்ல பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா ஸ்கூல் படிப்ப முடிச்சு நேரா காலேஜ் போனவங்க ப்ரீஸ்கூல் போன பக்கத்துல அதிகம். அதனால யாராவது "உங்க பொண்ணு ABC சொல்லுவாளா, நூறு வரைக்கும் எண்ணுவாளா"ன்னு கேட்டா நான் இப்போ பதட்டப்படறதில்ல. கட்டை சரிஞ்சா என்ன பண்றான்னு கேளுங்கன்னு சொல்றேன்.

இன்னொரு பெரிய நன்மை சொல்லணும். கிளாஸ்ல ஒரு பையன் நாலு வயசாகியும் ரெண்டு ரெண்டு வார்த்தையாதான் பேசுவான். வீட்ல எல்லாரும் "லேட்டா பேசுவான், அவங்கப்பாவும் அப்படித்தான்"னு விட்டுட்டாங்க. டீச்சர் ஒரு மாசம் குறிப்பு எழுதி வெச்சு, அம்மாவ தனியா கூப்பிட்டு, பயமுறுத்தாம பேசி, காது டெஸ்டுக்கு அனுப்பினாங்க. காதுலதான் பிரச்சனை இருந்துருக்கு. இப்போ ட்ரீட்மென்ட் போயிட்டிருக்கு, கிளாஸ்லயும் அவன டீச்சருக்கு நேரா முன்னாடி உக்கார வெக்கறாங்க, போன வாரம் என்ன பார்த்து "ஆன்ட்டி, உங்க குடை செவப்பு"ன்னான், எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. ஒண்ணாம் கிளாஸ் வரைக்கும் காத்திருந்தா ரெண்டு வருஷம் போயிருக்கும், அதுக்குள்ள அவனுக்கு மந்தம்னு ஒரு பேர் வெச்சிருப்பாங்க.

குறைகள் என்னன்னா, வருஷத்துக்கு நடுவுல உதவி டீச்சர் வேலைய விட்டுட்டாங்க. காரணம் சம்பளம். ஒண்ணாம் கிளாஸ் டீச்சர் அளவுக்கு இவங்களுக்கு கெடைக்கறதில்ல, வேலை மட்டும் ஒரு துளி குறைவு இல்ல. ஆறு வாரம் புது ஆள் வரல. அந்த ஆறு வாரமும் என் பொண்ணு திரும்ப காலைல அழ ஆரம்பிச்சா, "அவங்க ஏன் வரல, என் மேல கோவமா"ன்னு கேட்டா, என்ன பதில் சொல்றது? நாலு வயசுல ஒரு டீச்சர்ங்கறது அவங்களுக்கு பாதி அம்மா. கிளாஸ திறக்கறதுக்கு ரிப்பன் வெட்ட எல்லாரும் வந்தாங்க, அந்த ஆறு வாரத்துல ஒருத்தரும் வரல.

காலை மூணு மணி நேர கிளாஸ் பத்தியும் ஒரு வார்த்தை. அது வேலைக்கு போறவங்களுக்கு உதவவே உதவாது. எனக்கு தெரிஞ்ச ஒரு அக்கா, ஷிப்ட் வேலை, பையனுக்கு காலை கிளாஸ்ல எடம் கெடச்சுது. பன்னெண்டு மணிக்கு யார் கூட்டிட்டு வர்றது? ஒரு நாள் பக்கத்து வீடு, ஒரு நாள் பெர்மிஷன், ஒரு நாள் லீவ், கடைசில வாரத்துல ரெண்டு நாள் பையன் போறதே இல்ல. பத்து சதவீத நாளுக்கு மேல வரலன்னாலே அத தொடர்ந்து வராம இருக்கறதா எடுத்துக்கணும்னு சொல்றாங்க, அவன் அதுக்கும் மேல. ரெஜிஸ்டர்ல பேர் இருக்கும், எடம் நிரம்பிடுச்சுன்னு கணக்கும் இருக்கும், அந்த சேர் மட்டும் காலியா இருக்கும். புதுசா திறக்கறது எல்லாம் முழு நாளா திறங்க, இது நான் கெஞ்சி கேக்கறது.

எங்க தெருவுல வீட்லயே சின்னதா க்ரெஷ் வெச்சிருக்கற ஒரு அம்மா இருக்காங்க, அவங்க சொன்னத கேட்டப்புறம்தான் நான் யோசிக்காத ஒரு பக்கம் தெரிஞ்சுது. கைக்குழந்தைங்கன்னா மூணு நாலு பேருக்கு ஒரு ஆள் வேணும், அதுல கட்டுப்படியாகாது. நாலு வயசு குழந்தைங்கன்னா பத்து பேரையும் ஒரு ஆள் பார்த்துக்கலாம், அந்த வரும்படியிலதான் கைக்குழந்தைங்கள தாங்கறாங்க. நாலு வயசு எல்லாம் இலவச ப்ரீஸ்கூலுக்கு போயிட்டா அவங்க கைக்குழந்தைங்களையும் எடுக்க முடியாது, மூடணும். அப்போ ஆறு மாசக் குழந்தைய வெச்சுட்டு வேலைக்கு போற அம்மா எங்க போவா? நான் மேல சொன்ன நியூயார்க் மாதிரி இவங்களையும் ஒப்பந்தம் போட்டு உள்ள சேர்க்கலாம், ட்ரெயினிங் குடுக்கலாம். ப்ரீஸ்கூல் வேண்டாம்னு அந்த அம்மா ஒரு வார்த்தை கூட சொல்லல, "என்னையும் சேர்த்துக்கச் சொல்லுங்க"ன்னுதான் சொன்னாங்க.

உலக அளவுல பேசறத பார்த்தா எல்லாரும் ஒத்துக்கற மாதிரிதான் இருக்கு. 2030க்குள்ள எல்லா குழந்தைக்கும் தரமான முன்பருவக் கல்வின்னு ஐநா இலக்கு இருக்கு, 2022 நவம்பர்ல தாஷ்கண்ட்ல யுனெஸ்கோ நடத்தின மாநாட்டுல கல்விச் செலவுல குறைஞ்சது 10 சதவீதம் இந்த வயசுக்கு ஒதுக்கணும்னு தீர்மானமே போட்டாங்க. அது எங்க ஃபார்ம்ல ஒரு கட்டமா, எங்க உதவி டீச்சர் சம்பளமா வந்து சேரணும்.

கீழ் வீட்டு பாட்டி விஷயம் என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டுட்டேனே. ரெண்டாவது மாசம் ரெண்டு குடும்பம் வீடு மாறி போனதுல கிளாஸ்ல எடம் காலியாச்சு. நானும் இன்னும் ரெண்டு அம்மாங்களும் பாட்டியோட போய் ஹெட்மாஸ்டர் ரூம்ல உக்காந்தோம். அவங்க நல்ல மனுஷி, ஃபார்ம்ல கட்டம் இல்லன்னா வெள்ளைத்தாள்ல எழுதி வாங்கிக்கறேன்னாங்க, பாட்டி கைநாட்டு வெச்சாங்க. இப்போ பேரனும் என் பொண்ணும் ஒண்ணாதான் போறாங்க, காலைல யார் முதல்ல அட்டைய மாட்டறதுன்னு போட்டி. அதனால வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கறவங்க தயவு செஞ்சு விட்டுடாதீங்க, முதல் ரெண்டு மாசம் வாரா வாரம் போய் எடம் காலியாச்சான்னு கேளுங்க, கட்டாயம் யாராவது போவாங்க.

அடுத்த வருஷ ஃபார்ம் திறந்தாச்சு. ஸ்கேன் பண்றது, அட்ரஸ் ப்ரூஃப், பாதுகாவலர் கடிதம் எதுல சிக்கல் இருந்தாலும் சனிக்கிழமை காலைல பத்து மணிலேர்ந்து நாங்க மூணு பேரும் ஸ்கூல் கேட் பக்கத்துல ஒரு லேப்டாப் வெச்சுட்டு உக்காந்திருப்போம். பாட்டியும் வருவாங்க. டாக்குமென்ட் எல்லாம் இல்லன்னாலும் இருக்கறத எடுத்துட்டு வாங்க, முதல்ல வாங்க, மத்தத பார்த்துக்கலாம்.